அடக்கி வைத்தது

ஜனவரி 11

தம்பிக்கு,

இதைச் சமாதானக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்காதே. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் ஏறிவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமாகக் கோர்ட்டில் பிறர் பேசியதையே சுருக்கெழுத்தில் பிடித்துப் பழகிவிட்டு, சொந்தமாக ஒரு பக்கம் எழுதக் கை கூசுகிறது.

விஷயம் இதுதான். எனக்கு அந்தத் தொந்தரவு கூடிவிட்டது. எந்தத் தொந்தரவு என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டுமா தெரியும்? மகளின் கல்யாண வரவேற்பில் சம்பந்தியம்மா, "நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க தம்பி?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "மருந்து ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு நீ ஐஸ்கிரீமைச் சாப்பிட்டிருக்கலாம். மேசை விரிப்பில் பேனாவால் மூத்திரப்பையை வரைந்து காட்டினாய். அதோடாவது விட்டாயா? "எங்க அக்காவே ஒரு உதாரணம். இந்த வரவேற்புக்குள்ளயே நாலு தடவை போய்ட்டு வந்துட்டா." மேசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

போகட்டும். கோர்ட்டில் நீதிபதி எழுந்தால்தான் நான் எழ முடியும். அவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்காருகிறவர். பழைய மாத்திரை போட்டுப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மண்டைக்குள் புகை மூட்டம் போட்டதுபோல் ஆனது. போன மாதம் ஒரு தீர்ப்பில் 'விடுவிக்க' என்ற இடத்தில் 'விதிக்க' என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, தட்டச்சில் பிடித்துவிட்டார்கள். இல்லையென்றால் ஒரு மனிதன் என் மாத்திரைக்காக உள்ளே இருந்திருப்பான். மாத்திரையை நிறுத்தினேன். இப்போது தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திப் பார்க்கிறேன். வேலையையே விட்டுவிடலாம் என்கிறார் உன் மாமா.

டாக்டர் ஒரு மருந்துச் சோதனை நடக்கிறது, சேருகிறீர்களா என்கிறார். மருந்துக்குப் பெயர் இல்லை, எண்தான். விவரத் தாளின் அடியில் ஆலோசகர் என்று உன் பெயரைப் பார்த்தேன்.

சேரலாமா, கூடாதா? ஒரு வார்த்தையில் பதில் போதும். படம் வேண்டாம்.

அக்கா

---

ஜனவரி 19

அக்காவுக்கு,

ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. சேர் என்று நான் சொன்னால் என் மருந்துக்கு ஆள் பிடிப்பதாகும். சேராதே என்று சொன்னால் அதில் எனக்கே நம்பிக்கை இல்லை என்றாகும். இரண்டும் உண்மை இல்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். மூத்திரப்பை சுருங்க வேண்டும் என்று நரம்பு ஒரு கட்டளை அனுப்புகிறது. பழைய மாத்திரை அந்தக் கட்டளையை மறித்து நிற்கிறது. அதே வகைக் கட்டளையில்தான் எச்சிலும் ஊறுகிறது, நினைவும் ஓடுகிறது. அதனால்தான் உனக்கு நாக்கு ஒட்டியது, 'விடுவிக்க' மாறியது. நான் வேலை செய்வது வேறு இடத்தில். பையின் சுவர்த் தசையில் 'பொறு, இன்னும் இடம் இருக்கிறது' என்ற செய்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு ரிசப்டர் இருக்கிறது. கதவில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. அதை அழுத்தினால் செல்லுக்குள் செய்தி போய்த் தசை தளரும். அந்த மணியை மட்டும் அழுத்துகிற மருந்து இது.

இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆரம்பத்தில் இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றியின் பையை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவேன். பக்கத்து சீட்டுக்காரர் "மீனா?" என்பார். ஆமாம் என்பேன். அதில் தீக்குச்சி அளவு துண்டு வெட்டி, வெதுவெதுப்பான உப்பு நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டால், அது பாட்டுக்குச் சுருங்கி விரியும். மருந்தை ஒரு சொட்டு விட்டால் தசை தளர்ந்து, அதன் இழுப்பைக் காட்டும் கோடு திரையில் இறங்கும். அந்தக் கோடு இறங்குவதைப் பார்க்கத்தான் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் இருந்துவிட்டேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆனால் கண்ணாடிக் குடுவை வேறு, மனிதர் வேறு. சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

நான் அந்த மருத்துவமனை ஆள் இல்லை என்பதால் நீ சேர விதியில் தடை இல்லை. ஆனால் எனக்குத் தெரியக் கூடாது. சேர்ந்தேன் என்றும் எழுதாதே, குணமானேன் என்றும் எழுதாதே.

பிறகு, சம்பந்தியம்மா வரவேற்புக்கு மறுவாரம் எனக்குத் தனியாகப் போன் செய்தார். எதற்கு என்று சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்பதைக் கவனிக்கவும்.

தம்பி

---

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நான் எதிலும் சேர்ந்தேன் என்று எழுதவில்லை.

வீட்டு விசேஷம் மட்டும் எழுதுகிறேன். குளியலறையில் புதிதாக அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று இருக்கிறது. உன் மாமா அதை எடுத்துப் போய்ப் பால் ஊற்றப் பார்த்தார். கடைசி நொடியில் பிடுங்கினேன். "ஏன், ஓட்டையா?" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு என் தொந்தரவு முழுவதையும் சொன்னேன். "நான் ஏதோ உனக்கு வெளிய வரவே பிடிக்காதுன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

வாரா வாரம் ஒரு நர்ஸ் போன் செய்கிறாள். எந்த ஆஸ்பத்திரி, எதற்கு என்று எழுதவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் ஒரு வழக்கு விவரம்.

நேற்று கொலை வழக்கில் முக்கிய சாட்சிக்குக் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எருமை மாட்டைக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார். காலையில் உட்கார்ந்த நீதிபதி சாப்பாட்டு நேரம் வரை எழவில்லை. நானும் எழவில்லை. எழ வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. எழுதிய பக்கங்களில் ஒரு பிழை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவள் கதவைத் திறந்து, "அம்மா, நீயா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

சொல்லக் கூடாததை நான் சொல்லவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

எழுதாமல் எழுதுவது எழுதுவதைவிட மோசம். இந்தச் சோதனையில் பல ஊர்களில் பலநூறு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரே ஒருவரின் கதையை மட்டும் நான் தெரிந்து வைத்திருப்பது சரி இல்லை. நாளைக்கு முடிவுகள் வரும்போது என் கண் தானாக ஒரு பக்கம் சாயும். தயவுசெய்து இனி வழக்கு விவரம் வேண்டாம்.

உன் கடிதத்தை ஆய்வகத்தில்தான் பிரித்தேன். இரண்டு முறை படித்தேன். உதவியாளர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்ன சார், நல்ல சேதியா?" என்றார்.

"இல்ல, கொலை வழக்கு" என்றேன்.

தம்பி

---

செப்டம்பர் 30

அக்காவுக்கு,

சோதனை முடிந்துவிட்டது. கோடையோடு கடைசி ஆளுக்கும் மாத்திரை நின்றது, யாருக்கு எது என்ற கணக்கைப் போன வாரம் திறந்தார்கள். இனி எழுதலாம்.

மருந்துக் கம்பெனியின் நீளமான அறை, எல்லோர் முன்னும் தண்ணீர் பாட்டில். புள்ளியியல் அம்மாள் திரையில் முதல் படத்தைப் போட்டார். மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஒரு கோடு, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு ஒரு கோடு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. இரண்டு பக்கத்தாருக்கும் தொந்தரவு குறைந்திருக்கிறது. ஒரே அளவு குறைந்திருக்கிறது. ஒருவர் பாட்டில் மூடியைத் திறந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

இந்தத் துறையில் வெற்று மாத்திரை இப்படி விளையாடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருந்து அதைவிடக் கொஞ்சமாவது மேலே நிற்கும் என்று இருந்தேன்.

பிறகு கம்பெனிக்காரர் வேறு ஒரு படம் போடச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய, பிள்ளை பெற்ற பெண்களை மட்டும் தனியாக எடுத்தால் கோடுகள் ஒரு விரல் அகலத்துக்குப் பிரிகின்றன. மருந்துக்காரர்கள் பக்கம்தான் நல்லது. "இதை மட்டும் ஒரு கட்டுரையா எழுதலாம். சார் பேர் முதல்ல இருக்கட்டும்" என்றார். அது வந்தால் இரண்டாவது சோதனை நடக்கும், என் ஆய்வகமும் தொடரும். இல்லையென்றால் மார்ச்சோடு மூடிவிடுவார்கள்.

வெளியே வரும்போது புள்ளியியல் அம்மாள் லிஃப்ட் அருகில் என்னை நிறுத்தினார். "சார், ஆளுங்கள வயசு, பிள்ளைன்னு இத்தனை கூறா வெட்டினா ஏதாவது ஒரு கூறுல கோடு தற்செயலாவே பிரியத்தான் செய்யும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. இதையே நான் வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன். வேறொருவர் இப்படி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் கையெழுத்துப் போடப் போகிறேன். உன்னால்தான். வயது ஐம்பத்தெட்டு, ஒரு மகள். அந்தப் படத்தில் கோடு பிரிந்த இடத்தில் நான் உன்னைத்தான் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் வரை நீ எழவில்லை, மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போனாய். அது தற்செயலாக இருக்க முடியாது. இந்த மருந்து சிலருக்காவது வேலை செய்கிறது. எனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி கையெழுத்து.

தம்பி

---

அக்டோபர் 6

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வந்திருக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அதற்கு முந்தின வாரமே டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு வந்தது வெற்று மாத்திரைம்மா."

"நான் நல்லாயிட்டேனே டாக்டர்?"

"ஆமா. எங்களுக்கும் அதுதான் கஷ்டமா இருக்கு."

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். உன் மருந்தால்தான் அக்கா எழுந்து நடமாடுகிறாள் என்று நீ நினைத்துக்கொண்டு போகட்டும், எனக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன். இப்போது நீ அதன்மேல் கையெழுத்துப் போடப் போகிறாய். நான் அந்தப் பெண்களில் ஒருத்திதான். ஆனால் நீ பார்த்த கோட்டில் நான் இல்லை. கீழே கிடக்கிற அடுத்த கோட்டில் இருக்கிறேன்.

டாக்டர் சொன்ன அன்று எனக்கு அவமானமாக இருந்தது. மிட்டாயைக் கொடுத்து அழுகையை நிறுத்திய குழந்தை மாதிரி. வீட்டுக்கு வந்து, எப்போது திரும்பி வரும், எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாளில் வந்தது. கடைத்தெருவில், துணிக்கடை வாசலில். நனைந்துதான் வீடு சேர்ந்தேன். சரி, அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஏன் வந்தது, ஏன் போனது, எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை பரவாயில்லை.

மாத்திரை இல்லையென்றால் வேறு என்ன மாறியது என்று நீ கேட்பாய். உனக்காக யோசித்துப் பார்த்தேன். குடித்த தண்ணீரையும் போன தண்ணீரையும் அளந்து எழுதச் சொன்னார்கள். நான் பயந்த அளவுக்குப் பை சிறியது இல்லை என்று குவளையில் கண்ணால் பார்த்தேன். அந்த நர்ஸ் போன் செய்யும்போது, இன்றைக்கு மழையா என்று கேட்பது மாதிரி, "இந்த வாரம் எத்தனை தடவை நனைஞ்சுதும்மா?" என்று கேட்பாள். நானும் மழையைச் சொல்வது மாதிரி சொல்லுவேன். அதற்கு முன்னால், டாக்டரை விட்டால், இந்த விஷயத்தை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். அவன் அதைச் சம்பந்தியிடம் சொன்னான்.

இன்னொன்று. அந்தக் கொலை வழக்குக்குச் சில நாள் முன்னால், துணிந்து நீதிபதியின் அறைக்கே போய்ச் சொன்னேன். "ஐயா, நடுவில எனக்கு ஒரு தடவை எழுந்து போக வேண்டியிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, நீங்க கேக்க மாட்டீங்களான்னு நான் அஞ்சு வருஷமா காத்துட்டு இருக்கேன். நீங்க அசையாம உக்காந்திருக்கும்போது நான் எப்படி எழுந்திருக்கறது?" என்றார்.

அவருக்கும் அதே தொந்தரவு. என்னைப் பார்த்து அவரும், அவரைப் பார்த்து நானும், இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நீதி வழங்கியிருக்கிறோம். வேண்டும்போது கை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். எழலாம் என்று ஆன பிறகு, எழவேண்டிய அவசியம் வரவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் பாடு. உன் ஆய்வகம் மூடினால் உனக்கு வீட்டில் சுவர்தான் துணை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சாட்சி சொன்னதை மாற்றி எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

அக்கா

---

நவம்பர் 2

அக்காவுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. முதல் இரண்டு நாள் கோபம்தான். அதன் பிறகு இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. எங்கள் நிறுவன இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உணர்ச்சிவசப்படாதீங்க, நல்லா யோசிங்க" என்றார்.

"உணர்ச்சிவசப்பட்டுத்தான் சார் சரின்னு சொல்லியிருந்தேன். யோசிச்ச பிறகுதான் வேண்டாங்கறேன்."

மார்ச்சில் மூடுவது உறுதி ஆகிவிட்டது. உதவியாளரைச் சிறுநீரகப் பிரிவில் எடுத்துக்கொள்கிறார்கள், அதைப் பேசி முடித்துவிட்டேன். முழுச் சோதனையையும் ஒரே கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். புள்ளியியல் அம்மாளும் சேர்ந்து எழுதுகிறார். ஒரே ஒரு படம், படுத்துக் கிடக்கும் இரண்டு கோடுகள். கீழே 'இந்த மருந்து வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை' என்று ஒரு வரி. அந்த வரியை எழுத ஒரு வாரம் ஆனது. வேறு வேறு விதமாகச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாள்தான் "நேராவே எழுதிடலாம் சார்" என்றார்.

ஏன் தோற்றது என்று ஓர் ஊகம் இருக்கிறது. நாள் முழுக்க ஒரு மணியை அழுத்திக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர்கள் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ரிசப்டரும் அப்படிச் செய்யும். ஊகம்தான். நிரூபிக்க ஆய்வகம் இருக்காது.

நேற்று சாமான்களைக் கட்டுவதற்கு நடுவில், பழக்க தோஷத்தில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு மருந்தைச் சொட்டினேன். கோடு வழக்கம்போல இறங்கியது. குடுவைக்குள் இது என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவியாளர் விளக்கை அணைக்க வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அணைக்காமல் போய்விட்டார்.

நீ அவமானப்பட ஒன்றும் இல்லை. உன் தசை தளர்ந்தது நிஜம். நடிப்பில் தசை தளராது. என் மாத்திரை அழுத்தாத எதையோ வேறு ஏதோ அழுத்தியிருக்கிறது. அது நர்ஸா, குவளையா, நீதிபதியா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. வெற்று மாத்திரைக் கோட்டை, கழிக்க வேண்டிய கணக்காகத்தான் பார்த்தேன். அதில் ஆட்கள் இருப்பதாக நினைக்கவில்லை.

வரவேற்பில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதையும் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்துவிட்டு நேராகவே எழுதிவிட்டேன்.

அந்த நர்ஸ் என்னென்ன கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்று எனக்கு முழுவதும் தெரிய வேண்டும். கடிதத்தில் ஆகாது. கட்டுரை அனுப்பும் வரை என்னால் நகர முடியாது. நீ வர முடியுமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ரயிலில் பகல் முழுக்க உட்கார வேண்டும்.

தம்பி

---

நவம்பர் 10

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். சாயங்காலம் ஸ்டேஷனில் நில். உன் மாமா வரவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரியாதாம், புரிந்தால் இன்னும் கஷ்டமாம்.

டிக்கெட் எடுக்க நேற்று நானே போனேன். கவுண்டரில் இருந்தவர், "ஜன்னல் ஓரமா, வழி ஓரமா?" என்று கேட்டார். இதுவரை நான் எடுத்த டிக்கெட் எல்லாம் வழி ஓரம்தான். சினிமாக் கொட்டகையில்கூட அப்படித்தான். எழுந்து போக வசதி என்று யாரிடமும் சொன்னதில்லை. "ஜன்னலோரம் உட்கார்ந்தா தலை சுத்தும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகள் இன்னமும் அதை நம்புகிறாள்.

"ஜன்னல்" என்றேன்.

அவர் என் வயதைப் பார்த்தார். "உள்ள போய்ட்டா வெளிய வர்றது சிரமம்மா. பக்கத்துல ரெண்டு பேர் இருப்பாங்க."

"கொஞ்சம் வழி விடுங்கன்னு சொன்னா விட மாட்டாங்களா?"

"கேட்டா விடுவாங்க" என்றார்.

அக்கா